பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை

தென்காசி,
சனிக்கிழமை.

அன்பு மகன் சமீருக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் வாப்பாவும் சாரலில் நனைந்துகொண்டு சுகமாக இருக்கிறோம், மெல்போர்ன் குளிரில் நீயும் நிலோபரும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அல்லாஹ் போதுமானவன். போனில் பேசினால் சரி உம்மா, சரி உம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், உன் தங்கச்சி மாஜிதா போட்டோ எடுத்து அனுப்புவாள்.

வாப்பாவின் முட்டிவலிக்கு இவ்வளவு பெரிய வீடு ஆகாது என்று நீயும்தானே சொன்னாய், மாஜிதா தெருவிலேயே சின்ன வீடு பார்த்தாயிற்று. இந்த வீட்டை விற்பதற்காக வெள்ளையடித்தோம், சாரலில் சுவர் காயவே மாட்டேன் என்கிறது. போன மாதம் இலஞ்சியிலிருந்து உமாதேவி டீச்சர் வீடு பார்க்க வந்தார், கீழே எல்லாம் பிடித்துவிட்டது, மாடியில் நீ கட்டின அறைக்கு ஏறினதும் முகம் மாறிவிட்டது. ஒன்பது வருஷமாக மெத்தையில் பிளாஸ்டிக் உறை, கண்ணாடியில் கடை ஸ்டிக்கர். தினமும் துடைத்து வைக்கிறேன் என்று நான் பெருமையாகக் காட்டினால், அவர் கீழே போய் புரோக்கர் யூசுப்பிடம், மேல யாரும் தவறிட்டாங்களா அண்ணாச்சி, ஏன் ஆளே பொழங்காம கெடக்கு என்று கேட்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் வீட்டை விற்கவே வேண்டாம் என்றுவிட்டேன். யூசுப்தான், கோவப்படாதீங்க மைனி, அவங்க திரும்பி வருததுக்குள்ள பத்து நாள் மேல போயி இருங்க, ஆளு இருந்த வீடா தெரியட்டும் என்றார்.

கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறின உன் வாப்பா, அப்புறம் இறங்கவே மாட்டேன் என்றுவிட்டார். உறையைப் பிரித்து அந்த மெத்தையில் படுத்தால் ஜன்னல் முழுக்கக் குற்றால மலைதான் சமீர். மேகம் இறங்கி வந்து மலையை எடுத்துக்கொண்டு போகும், கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பி வைத்துவிடும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதைப் பார்த்தபடியே இரண்டு பேரும் கண்ணயர்ந்துவிடுவோம். விழித்தால் காலையா சாயங்காலமா தெரியாது, எந்த ஊர் என்றும் தெரியாது, உன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருக்கிற மாதிரி இருக்கும். நீ கீழே டீ போடுகிறாய் என்று நினைத்துக்கொண்டே கிடப்பேன்.

நேற்று டீச்சர் மறுபடி வந்தார். கொடியில் வாப்பாவின் ஈரக் கைலி, தரையில் டீ கிளாஸ் வைத்த வட்டம், கசங்கின விரிப்பு, எல்லாவற்றையும் பார்த்து அவருக்குச் சிரிப்பு. இவ்வளவு காத்த விட்டுட்டு இத்தன வருசம் ஏன் கீழ கெடந்தீங்க என்று கேட்டார். மவன் வந்து இருப்பான்னு வச்சிருந்தோம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வாப்பா, அவன் அங்கன வீடு வாங்கிட்டாம்மா, இனி வரமாட்டான் என்று சொல்லிவிட்டார். நம் வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை, நீயும் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்தது, கொஞ்ச நேரத்தில் நின்றும்விட்டது. டீச்சர் வாங்கிக்கொள்கிறாராம், அடுத்த மாதம் பத்திரம். கண்ணாடி ஸ்டிக்கரை மட்டும் நீ வந்து உரிக்கட்டும் என்று விட்டிருந்தேன், இன்று காலை நானே உரித்துவிட்டேன், பசை போகத் தேங்காய் எண்ணெய் தேய்க்க வேண்டியிருந்தது.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ வாங்கின அந்த வீட்டில் அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்வானாக. அங்கே எங்களுக்கென்று ஓர் அறையைப் புதுக்கட்டிலோடு மூடி வைத்திருக்கிறாய் என்று நிலோபர் சொன்னாள். அதைத் திறந்து பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடு சமீர். இங்கேயும் புது வீட்டில் உனக்கென்று தனி அறை கிடையாது, வந்தால் எங்கள் பக்கத்தில் பாய் விரித்துத்தான் படுக்க வேண்டும்.

துஆவுடன்,
உன் உம்மா அலிமா