ஆடி முடியும் வரை இளைக்கக் கூடாது

ஜூன் 3, 2019, திங்கள்

வயிரவனை டாக்டரிடம் கூட்டிப்போனேன். பதினான்கு வயதில் எண்பத்தொன்பது கிலோ. ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறதாம்; இப்படியே விட்டால் பள்ளி முடிப்பதற்குள் மாத்திரைதான் என்றார். இங்கே வியட்நாமில், டான் சோன் நாட் விமான நிலையத்தில், சரக்குப் பெட்டிகளைப் பார்த்த மாத்திரத்தில் எடை சொல்கிறவன் நான். சொந்தப் பிள்ளையின் எடையைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டியிருந்திருக்கிறது.

சீதாலட்சுமி ஒப்புக்கொள்ளவில்லை. "வளர்ற புள்ளைங்க. நம்ம வீட்டுல கவிச்சியே கெடையாது, கொழுப்பு எங்கேருந்து வரும்?" அதிரசம் சைவம். சீப்புச்சீடை சைவம். பள்ளிக்கூட வாசலில் விற்கும், உருண்டை மிதக்கும் பால் டீயும் சைவம். என் பொண்டாட்டி கணக்கில் யானைகூட ஒல்லிதான்.

ஜூன் 9

ஞாயிறு. பையன் சோபாவை விட்டு எழவில்லை. போனில் பால் டீ சொன்னான். கடை எதிர்ச்சாரியில் இருக்கிறது. ஓர் ஆள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் தெருவைக் கடந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபத்தில் கத்தினேன்.

"இந்த ஊர்ல யாரு அப்பச்சி நடக்குறா?" என்றான்.

எனக்கும் ஒன்று சொல்லியிருந்தான். வீணாக்குவானேன் என்று குடித்துவிட்டேன்.

ஜூன் 14

பால் டீ கிடையாது, ராத்திரி மூன்று இட்லி, சாயங்காலம் நடை. சண்டை போடுவான் என்று நினைத்தேன். இல்லை. "கால்பந்துல என்னைய கோல் போஸ்ட்ல மட்டுந்தான் நிறுத்துறாங்க. எளைச்சா ஓட விடுவாங்கல்ல?" என்றான். இத்தனை நாள் சொல்லவே இல்லையே!

ஜூன் 30

இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. அவனே ஓடிவந்து சொன்னான். பிள்ளை ஓடி நான் பார்த்து எத்தனை நாளாயிற்று. சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 5

சீதாலட்சுமி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

நான்கு வயதில் இவன் ஈர்க்குச்சி. ஒரு வாய் சோறு இறங்காது. அப்போது சீதாலட்சுமி இந்த ஊர் த்ருவோங் டின் தெருக் கோயில் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள் - பிள்ளை உடம்பு தேறினால் அவன் எடைக்கு எடை கற்கண்டு. அது இப்போது நினைவுக்கு வந்துவிட்டது. இந்த ஆடி வெள்ளியில் செலுத்தியாக வேண்டுமாம்.

"சரி, செய்வோம். அதுக்கென்ன?"

"அதுக்கு முன்னாடி புள்ளைய எளைக்க வச்சா, சாமிக்குச் சேர வேண்டியதைக் கொறைச்ச மாதிரி ஆகாதா? ஆடி முடியட்டும், அப்புறம் எளைக்கட்டும்."

"மாரியம்மன் கிலோக் கணக்கெல்லாம் பாக்குமா?"

"கொடுத்தவளுக்குத் தெரியாதா எவ்வளவு கொடுத்தோம்னு?"

வயிரவன் என் முகத்தைப் பார்த்தான். நான் செய்தித்தாளைப் பார்த்தேன்.

ஜூலை 13

மாரியம்மன் பேரைச் சொல்லி நெய்ப் பொங்கல், பால் பணியாரம். பால் டீயும் வந்தாயிற்று. நடை நின்றுவிட்டது. ஒருவேளை நானாவது நடக்கலாம். நாளைக்கு.

ஜூலை 26, வெள்ளி

எழுதக் கை வரவில்லை.

துலாபாரத் தராசுக்கு இந்த ஊரில் எங்கே போவது? சந்தையில் அரிசிக் கடையில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசைக் கேட்டு வாங்கிவந்து பிரகாரத்தில் வைத்தோம். முதலில் பிள்ளை, பிறகு அதே எடைக்குக் கற்கண்டு. ஊதுபத்தியோடு கும்பிட வந்த வியட்நாம் சனமெல்லாம் சாமியை விட்டுவிட்டுச் சுற்றி நின்றது. வயிரவன் தலையைக் குனிந்துகொண்டு ஏறினான்.

சரக்குக் கொட்டகையில் முள் நின்றதும் எடையை இரண்டு தடவை உரக்கச் சொல்ல வேண்டும், வியட்நாம் மொழியில். பதினேழு வருஷப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று மூன்று.

கோயிலே சிரித்தது. சில பேர் கை தட்டினார்கள். யாரோ போனில் படம் எடுத்தார்கள். சீதாலட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிள்ளை இறங்கிச் செருப்புக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டான். முட்டாள்டா நீ, பழனியப்பா. சுத்த முட்டாள்.

ஜூலை 29

அந்தப் படம் அவன் கால்பந்துப் பையன்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 4

பிரசாதம் என்று பாதிக் கற்கண்டு வீட்டுக்கே வந்துவிட்டது. சாமி கொடுத்ததை மறுக்கக் கூடாது என்று தினமும் பாயசம். நானும் அவளும்தான் குடிக்கிறோம். வயிரவன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போகிறான்.

அறை வாசலில் நின்று, "மன்னிச்சுக்கடா" என்றேன்.

"எதுக்கு அப்பச்சி? சரியாத்தானே சொன்னீக."

ஆகஸ்ட் 25

விடியுமுன் எழுந்து தனியாக நடக்கப் போகிறான். தெருவில் யாரும் பார்க்கக் கூடாதாம். கூட வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றான்.

அக்டோபர் 12, சனி

மறுபடி டாக்டர். பெயரைக் கூப்பிட்டதும் நானும் எழுந்தேன்.

"நீங்க வெளியவே இருங்க, அப்பச்சி."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் எட்டிப் பார்த்து, சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது, கவலை வேண்டாம் என்றார். எடை எவ்வளவு என்று கேட்டேன். பையனையே கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

வரும் வழியில் கேட்டேன். சொல்லவில்லை. இடுப்பில் நிற்காத கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் வேகமாக நடந்தான். நான் மறுபடி கேட்கவில்லை.