பாஞ்சாலியின் முதுகில் இருந்த கதை

அல்சூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜோவிதாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே சுகம், டப்ளின் குளிரில் சளி பிடிக்காமல் நீயும் சுகமாக இருக்க வேண்டும். இது யார் கையெழுத்து என்று யோசிக்காதே, என்னுடையதுதான். இந்தக் கடிதத்துக்கு ஐந்து நாள் ஆனது. கோவில் கூடத்தில் பாகீரதி டீச்சர் பெரியவர்களுக்கு நடத்தும் தமிழ் வகுப்பில் போன ஈஸ்டருக்குப் பிறகு சேர்ந்தேன், உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மாவைத் தடுத்து வைத்திருந்தேன். அவள் சும்மா இருப்பாளா, அறுபத்தெட்டு வயசு மாப்பிள்ளைக்கு சிலேட்டு எங்க கிடைக்கும் என்று தெரு முழுக்கக் கேட்டாள். இப்போது காலண்டர், மிக்சர் பொட்டலம் எல்லாவற்றையும் சத்தமாக வாசிக்கிறேன். பஸ் போர்டு கன்னடத்தில் இருப்பதால் அம்மா பிழைத்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஹெப்பகோடியிலிருந்து பாஞ்சாலி நம் தையல் கடைக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தாள். அவளுடைய அளவுக்கு எப்போதோ தாளில் வெட்டி வைத்திருந்த முதுகுப் பக்க மாதிரியை ஆணியிலிருந்து எடுத்துத் துணிமேல் விரித்தேன். எஸ்தர் டிரங்குப் பெட்டியோடு வாசலுக்கு வந்தாள் என்று அதில் எழுதியிருந்தது. எத்தனை வருடம் அதே தாளைப் புரட்டியிருக்கிறேன், ஒரு நாளும் அது பேசியதில்லை. இன்னா மாஸ்டர், என் முதுவுல அப்படி இன்னா எழுதிக்கீது, அரை மணியா பாத்துனுக்கிறே என்று பாஞ்சாலி கத்தினாள். அது நீ காலேஜில் படிக்கும்போது கதை எழுதிய பச்சை அட்டை நோட்டின் தாள்.

பரீட்சை முடிந்த பாட நோட்டு என்று நினைத்து, நாலு நாலு தாளாக ஒட்டி ரவிக்கை மாதிரிக்கு வெட்டிவிட்டேன் மகளே. நீ தேடினாய். அது எதுக்கும்மா, அதான் பாஸாயிட்டியே என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, பரவால்லப்பா, சும்மா கிறுக்கினது என்றாய். நானும் நம்பினேன். அதற்குப் பிறகு நீ அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதி நான் பார்க்கவே இல்லை.

எல்லா ஆணிகளிலும் தொங்கிய மாதிரிகளை இறக்கித் தேடினேன். எஸ்தர் வீட்டை விட்டுக் கிளம்பியது பாஞ்சாலி முதுகில், கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு வந்தது நம் வாடிக்கைக்காரர் மஞ்சுநாத் மனைவியின் ரவிக்கைக் கையில். உன் அம்மா ரவிக்கை மாதிரியில் எஸ்தரின் அப்பா பிளாட்பாரத்தில் நிற்கிறார், டிக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசிப்பதுபோல் பாவனை செய்கிறார். அது யாரென்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், முதலில் சிரித்தாள், பிறகு முந்தானையை எடுத்துக்கொண்டாள். எஸ்தர் அவர் கையைப் பிடித்து, அப்பா, என்று ஆரம்பிக்கிறாள். அங்கே முன்கழுத்து வெட்டு வந்துவிட்டது. நானே வெட்டியது. அந்தத் துண்டு அன்றைக்கே குப்பையோடு போயிருக்கும்.

தினமும் காலையில் கடை திறந்ததும் அதைத்தான் வாசிக்கிறேன், அப்பா என்றதும் நின்றுவிடுகிறது. எஸ்தர் என்ன சொன்னாள், ரயில் ஏறினாளா, அந்த மனுஷன் எப்படி வீட்டுக்குத் திரும்பினார். ஆஸ்பத்திரி வேலையில் உனக்கு மூச்சு விட நேரமில்லை என்று தெரியும். அன்று எழுதியது மறந்திருந்தால் பரவாயில்லை, இன்று அவள் என்ன சொல்வாளோ அதை எழுது. மற்றத் தாள்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, அம்மாவின் ரவிக்கை மாதிரியை மட்டும் இதோடு அனுப்புகிறேன். கழுத்து வெட்டுக்குப் பின்னால் புது வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன், தையலுக்கு விடுவதுபோல் ஓரமும் தாராளமாக விட்டிருக்கிறேன்.

ஆண்டவரும் மாதாவும் உனக்குத் துணை இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. பதிலைப் போனில் சொல்லிவிடாதே. எழுதி அனுப்பு, பெரிய எழுத்தாக. யாரையும் வாசித்துக் காட்டச் சொல்ல மாட்டேன்.

பெருவிரல் மை இல்லாமல்,
உன் அப்பா
ரெமிஜியஸ்