ராஜா வேஷம் கட்டியவன்

அன்பு மகளுக்கு,

சொல்வது நான், எழுதுவது நிவித்திகல டவுனில் கடை வைத்திருக்கும் நஸீம். நம்பிக்கையான ஆள். இங்கே சுகம். குவைத்தில் நீயும் சுகமாக இரு.

உன் கொழுந்தன் கிருஷாந்தைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று போனில் கேட்டிருந்தாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

திருவிழாவில் நம் தோட்டத்துக் கூத்து நடந்தது. அண்ணனுக்குப் பாலில் விஷம் வைத்துவிட்டு முடிசூடும் ராஜா வேஷம் கிருஷாந்துக்கு. பாட்டும் வசனமும் நான் வாயால் சொல்லிக் கொடுத்ததுதான். செத்த அண்ணன் சபையில் வந்து உட்காரும் இடத்தில், "யாரங்கே, அவனை வெளியே தள்ளு" என்று ராஜா பாட வேண்டும். அவன் பாடவில்லை. "நான் அறுக்கல அண்ணே, கயிறு பழசு!" என்று கத்தினான். சனம் கை தட்டியது.

அந்தக் கூத்தில் கயிறே கிடையாது. உன் புருஷன் கயிறு அறுந்து மாணிக்கக் குழியில் விழுந்து செத்தபோது, மேலே நின்று கயிறு பிடித்தவன் அவன்தான்.

வேஷம் கலைக்காமலே என்னிடம் வந்தான். "மாமா, ஏன் அப்படிப் பாக்குறீங்க? தப்பா ஏதும் சொல்லிட்டேனா?"

"நல்லா ஆடுனீங்க தம்பி. சனத்தையே கேட்டுப் பாருங்க."

அன்றிலிருந்து நான் யாரோடு பேசினாலும் பக்கத்தில் வந்து நிற்கிறான். ரிப்பேர் செய்து தருகிறேன் என்று என் போனையும் வாங்கிக்கொண்டான். நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கொடுக்கிறான். அதனால்தான் அவன் கண்ணில் படாமல் டவுனுக்கு வந்து இந்தக் கடிதம்.

அடுத்த முறை பேசும்போது சம்மதம் என்றே நான் சொல்வேன். நீயும் அப்படியே சொல்லு. சிரித்துக்கொண்டு சொல்லு. லீவு கிடைக்கவில்லை என்றும் சொல்லு. ஊருக்கு மட்டும் வந்துவிடாதே.

கைநாட்டு வைத்தது,
உன் அப்பா