காப்புக் கட்டிய கையும் மீன் தொட்டியும்

ஆடி வெள்ளி, இரவு

நீயே சொல்லு மாரியாத்தா, என் காப்பு கெட்டுப்போச்சா?

பசறைச் சந்தையில் மீன் கழுவும் தண்ணீர் முதலில் வலையில் செதிள் வடிகட்டப்பட்டு, பிறகு கல்லும் கரியும் போட்ட தொட்டிகளில் தெளிந்துதான் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளின் ஓடைக்கு வரவேண்டும். வலை அடைத்துக்கொண்டது என்று மீன்கடைச் செல்வம் போன வாரமே தொட்டியை விட்டுவிட்டுக் குழாயை நேராக ஓடைக்குள் விட்டிருக்கிறான். இன்று போய்க் கேட்டேன்.

“அந்த நாத்தத்துல யாரு அக்கா கைய விடுறது? சாமிக்குத் தண்ணி வேணும்னா மேல போய் அள்ளிக்கங்க.”

“சாமிக்கு மேல போய் அள்ளுவேன்டா. லயத்துப் புள்ளைங்க எங்க போய்க் குளிக்கும்?”

சிரித்தான். எனக்கு வந்ததே கோபம்! காப்புக் கயிறு கட்டிய கையாலேயே வலையில் கிடந்த குடலையும் செதிளையும் அள்ளி அவன் தராசுத் தட்டில் கொட்டினேன். இன்னும் அள்ளிக் கொட்டிவிடுவேனோ என்று பதறிப்போய் அவனே குழாயைத் தொட்டிப் பக்கம் திருப்பினான்.

அதற்குள் சேதி கோயிலுக்குப் போய்விட்டது. பூசாரி வாசலிலேயே மறித்தார்.

“விரதக் கையால மீனத் தொட்டுட்டு வாறீங்களே, தீட்டு இல்லையா? நாளைக்குப் பால்குடம் தூக்காதீங்க.”

“தூக்குவேன் சாமி. ஆத்தா வேணாம்னா அவளே சொல்லட்டும்.”

குடத்தைக் கழுவிக் காயக் கவிழ்த்து வைத்துவிட்டேன். யார் மறித்தாலும் நாளைக்கு நான் தூக்கத்தான் போகிறேன்.

அட, இப்போதுதான் ஞாபகம் வருகிறது. பூசாரி தினமும் உன் பூசைக்கு வருமுன் முழுகுவது அதே ஓடையில்தான், செல்வத்தின் குழாய்க்குக் கீழே.