டேங்குக்கு எத்தனை மூடி

திட்டுறதைக்கூட சிரிச்சுக்கிட்டே திட்டுற எங்க ஜெய்த்தூன் அக்காவுக்கு,

நீங்க போயி எட்டு மாசமாச்சு. இப்பப் போயி தம்பி கடுதாசி எழுதுறானேன்னு நெனப்பீக. சொல்ல வேண்டிய நாள்ல உண்மையைச் சொல்லாதவன் வேற என்ன செய்வான்?

தேனி ஆபீஸ்ல மாடியில நாங்க, கீழ நீங்க. உரக்கடையில வைக்கிற டச் ஸ்கிரீன் பெட்டியை விக்கிறது எங்க வேலை. பயிரைத் தொட்டா எந்த மருந்து, எவ்வளவுன்னு பெட்டி காட்டும். அந்தத் திரையில என்ன படம், என்ன எழுத்து, எது எங்கன இருக்கணும்னு பாக்குறது உங்க வேலை. படிக்கட்டுல பாத்துக்கிட்டா டீ குடிச்சாச்சான்னு கேக்குறதோட சரி. கடைக்காரருக்கு என்ன வாக்குக் குடுத்தோம்னு நாங்க சொல்ல மாட்டோம். தோட்டத்துல என்ன பாத்தீகன்னு கேக்கவும் மாட்டோம்.

சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டங்கள்ல ஒரு வாரம் நின்னுட்டு வந்தீக. "தம்பி, ஏக்கருக்கு இத்தனை மில்லின்னு போட்டா ஆபத்துடா. இங்கன மருந்து தெளிக்கிற டேங்குக்கு பாட்டில் மூடியால எத்தனை மூடின்னுதான் கேக்குறாக. எழுத்தை விட்டுட்டு நம்பரை மட்டும் பாக்குறாக. மூடி படமும் டேங்க் படமும் போடணும். பத்து நாள் குடு"ன்னீக. முதலாளிகிட்டயும் காட்டச் சொல்லி எல்லாத்தையும் எனக்குத் தாள்ல விவரமா எழுதியும் குடுத்தீக. பொங்கலுக்குள்ள பெட்டி வந்துரும்னு நான் கடை கடையாச் சொல்லி வச்சிருந்தேன். தாளை மடிச்சுப் பைக்குள்ள போட்டுக்கிட்டேன். ஏக்கருக்கு இத்தனை மில்லின்னு இருந்தபடியே பெட்டி கடைக்குப் போயிருச்சு.

சுருளிப்பட்டி பாண்டியம்மா அந்தப் பெட்டியைப் பாத்துட்டுப் போயி, ஒரு ஏக்கருக்கான மருந்தை ஒவ்வொரு டேங்குலயும் ஊத்திட்டாக. தோட்டமே கருகிப் போச்சு. கருகின கொடியை மடியில கட்டிக்கிட்டு ஆபீசுக்கு வந்தாக. சத்தம் போடல. "பெட்டி சொன்னபடிதான செஞ்சேன் சாமி"ன்னு மட்டும் சொன்னாக.

"தோட்டத்துக்குப் போனது நீதான? ஏம்மா சொல்லல?"ன்னு முதலாளி உங்களைக் கேட்டாக.

"சுந்தர்கிட்ட எழுதிக் குடுத்தேன் சார்."

எல்லாரும் என்னையப் பாத்தாக. "எங்கிட்ட எதுவும் வரல சார்"னேன். அந்நேரம் பை என் தோள்லதான் கெடந்துச்சு. நீங்க சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கிட்டு எறங்கிப் போயிட்டீக. மறுநாள்லருந்து உங்களை வர வேணாம்னு சொல்லிட்டாக. நாலே மாசத்துல மஞ்சக் காமாலை உங்களைக் கொண்டு போயிருச்சு.

உத்தமபாளையத்துல உங்க மவுத்து வீட்டுல உங்க அம்மா என் கையைப் பிடிச்சாக. "நெனவு தப்புறப்பக்கூட எழுதிக் குடுத்தேன், எழுதிக் குடுத்தேன்னே சொன்னாப்பா. நெசமாவே குடுக்கலையா?" பஸ்சுக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நானெல்லாம் என்ன பிறவி அக்கா?

இப்ப திரையில மூடி படம் வந்துருச்சு. மாடியில, கீழன்னு இல்ல, எல்லாருக்கும் ஒரே மேசை. விக்கிறவனும் திரை வரையிறவளும் ஒண்ணா ஒரே வண்டியில தோட்டத்துக்குப் போயிட்டு வந்துதான் கடையில வாக்குக் குடுக்கணும்னு ஏற்பாடு. நல்ல யோசனை சொன்னேன்னு முதலாளி என் முதுகைத் தட்டுறாக. உங்க தாளோட கடைசிப் பத்தியை அப்படியே ஒப்பிச்சதுதான் என் யோசனை.

பாண்டியம்மா கொடியை வெட்டிப் போட்டுட்டாக. விடிஞ்சா ஜீப்புல ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போறாக. அந்த ஜீப்பு எதுக்க வந்தா வண்டியை ஓரங்கட்டிட்டுத் திரும்பி நின்னுக்கிறேன்.

நாளைக்குத் தாளை முதலாளி மேசையில வச்சு, அவுக வாசிச்சதும் திருப்பி வாங்கிக்கிறேன். வேலை நெலைக்கும்னு தோணல. போனாப் போகட்டும். வெள்ளிக்கிழமை பாண்டியம்மாவைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்குப் போறேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். ரெண்டு பேர் முன்னாடியும் அந்தத் தாளை நானே சத்தமா வாசிக்கிறேன். மொத வரியே "தம்பி சுந்தருக்கு"ன்னுதான் இருக்கு.

நீங்க எழுதினதைக் கைநீட்டி வாங்குன
உங்க தம்பி
சுந்தர்