ஆறாம் சுரத்தில் ஒரு பிழை

யேசு மரி சூசை துணை

திண்டிவனம்,
14-9-1941

ஜெயத்துக்கு இருதயமேரி எழுதுவது.

"என் பிரியமுள்ள" என்று முதலில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். பட்டணத்தில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. கண்டாச்சிபுரம் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கப் போன அப்பா இன்னும் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மாவுக்குத் தைலம் வாங்கப் போனேன். மருந்துக் கடை ரேடியோவில், விழுப்புரம் ஜெயம் கித்தார் வாசித்துக்கொண்டே பாடுவார் என்றார்கள். சித்திக்கு உடம்பு சரியில்லை என்றுதானே பட்டணம் போனாய். இது வேறு யாரோ என்று நினைத்தேன். நம் பாட்டு ஆரம்பித்ததும் தைலப் புட்டியோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

ரயில் என்ஜின் ஓட்டிய வெள்ளைக்காரத் துரை ஊரைக் காலி செய்தபோது உன் அப்பா அந்தக் கித்தாரை வாங்கி வந்தார். கூடவே வந்த புத்தகத்தில் விரல் வைக்கும் படங்கள்தான் இருந்தன, அதிலும் பாதியைக் கரையான் தின்றிருந்தது. கோவில் பாட்டுக்குக் கற்ற டோ ரே மீ சுரங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்த்தது நான். ஒன்றையும் மூன்றையும் ஐந்தையும் சேர்த்து மீட்டினால் ஒரு கார்டு. நான்கில் தொடங்கி அதே மாதிரி ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் நான்கு, ஆறு, எட்டு. எட்டு என்பது மேலே இருக்கிற ஒன்றுதான் என்று தெரிந்த அன்று நாம் சிரித்த சிரிப்பில் உன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்கள். அப்புறம் நமக்குப் புத்தகமே வேண்டியிருக்கவில்லை.

ரேடியோ நிலையத்துக்கு மனு போட்டபோது, நீ பாடுவது, நான் வாசிப்பது என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பதிலே வரவில்லை என்றாய். பிறகு திடீரென்று, மாதா திருநாளுக்கு நானே வாசிக்க வேண்டும், எல்லாக் கார்டையும் சொல்லிக் கொடு என்றாய். ஏழு சனிக்கிழமை ரயிலேறி வந்தேன். உன் விரல் நுனி கொப்பளித்தபோது விளக்கெண்ணெய் தடவிவிட்டேன்.

நேற்று விழுப்புரத்தில் உங்கள் வீட்டுக்குப் போய் உன் அண்ணன் சின்னதுரையைக் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "ரெண்டு பேரையும்தாம்மா வரச் சொல்லி எழுதியிருந்தாங்க. அங்க போனா சித்தி வூட்லதான் தங்கணும். நீ எந்தத் தெருன்னு சித்தி கேப்பாங்க, பேஜாரா பூடும்னு ஜெயம் பயந்துக்கினா. உனக்கு அம்மை போட்டிருக்குன்னு ரேடியோக்காரங்களுக்கு எழுதிட்டா."

 உன் அம்மா காபி கொடுத்தார்கள். எப்போதும் கொடுக்கும் அதே டம்ளர்தான். மூன்று வருஷமாக அதில் குடித்திருக்கிறேன். அது எனக்கென்று தனியாக எடுத்து வைத்த டம்ளரா என்று நேற்றுத்தான் முதல்முறையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவது சரணத்தின் முடிவில் நீ பிழை பண்ணினாய். ஆறில் தொடங்கும் கார்டில் முதல் சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று கட்டம்தான். நீ நான்கு வைத்தாய். அழ வேண்டிய இடம் சிரித்துவிட்டது. இரண்டாம் தந்தியில் விரலை ஒரு கட்டம் பின்னால் வை. இதை ஏன் உனக்குச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

உன் குரலுக்கு ஒரு குறையும் வரக் கூடாது, மாதா உன்னைக் காப்பாற்றட்டும். என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம். ஒரே ஒரு காரியம் செய். இருதயமேரிக்கு அம்மை இறங்கிவிட்டது, இப்போது நன்றாக இருக்கிறாள், கூப்பிட்டால் வருவாள் என்று ரேடியோக்காரர்களுக்கு ஒரு வரி எழுதிப் போடு.

இப்படிக்கு,
இருதயமேரி