நீ இல்லாத சுற்றுலாப் படங்கள்

நேற்று மாலை நடந்ததை, எனக்குச் சாதகமாக எதையும் திருத்தாமல் உனக்கு எழுதுகிறேன்.

உன் அம்மா எங்கள் எர்ணாவூர் வீட்டுக்கு வந்தார்கள். மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்தார்கள். கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். உன் புத்தகப் பையிலும் அதே மீன் வாசனைதான் இருக்கும்.

"டூருல நீதான் போட்டா புடிச்சியாமே கண்ணு. அவ சிரிக்கிறாப்ல ஒண்ணு குடு. வூட்ல மாட்டிகீறது ஸ்கூல் கார்டுல இருந்து எடுத்தது. அதுல மொறச்சிகினு கீறா."

அப்பாவின் கைபேசியை எடுத்து வந்தேன்.

அந்தப் பள்ளிச் சுற்றுலாவில் மாமல்லபுரம், தரங்கம்பாடி, தஞ்சாவூர் போனோம். வழிகாட்டி சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார். "கொடிய விட்டுட்டா ஊரையே விட்டுட்டீங்க!" என்பார். அவர் சொன்ன மன்னர் பெயரெல்லாம் எனக்கு இன்றும் மனப்பாடம். பள்ளிக் கண்காட்சிக்கு வைக்கும் படங்களில் ஆள் இருக்கக் கூடாது, புத்தகத்தில் வருவதைப் போல இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்திருந்தேன். நீயோ ஒவ்வொரு படத்திலும் வந்து நிற்பாய்.

"நவுருடீ, கோயில மறைக்கிற."

"இம்மாம் பெரிய கோயில நான் ஒருத்தி மறைக்கிறனா? இத்த கட்டினவனே இவ்ளோ பேஜாரு பண்ணிருக்க மாட்டான்டீ!"

சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவாய். கண்காட்சியில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நீ போய்விட்டாய். படங்கள் மட்டும் நம் வகுப்புச் சுவரில் இன்னும் இருக்கின்றன.

நேற்று ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு, பெரிய கோயில். கல் எல்லாம் அவ்வளவு தெளிவாக இருந்தது. உன் அம்மா ஓரம் ஓரமாகத் தேடினார்கள். "இதுல எங்க கீறா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர்கள், கடைசியில் குரலைத் தாழ்த்தினார்கள்.

"ரெண்டு பேருக்கும் சண்டையா கண்ணு?"

சண்டை போட்டிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

"இல்ல ஆன்ட்டி. நான்தான் அவள நவுரச் சொன்னேன்."

அவர்கள் கைபேசியை வாங்கிக்கொண்டார்கள். தாங்களே படத்தைத் தள்ளினார்கள். தரங்கம்பாடிக் கோட்டையில் விரல் நின்றது.

வகுப்புச் சுவரில் இருப்பதில் அந்தப் படத்தின் கீழ்ப்பகுதியை நான் வெட்டிவிட்டேன். கைபேசியில் முழுசாக இருந்தது. சாயங்கால வெயில் முதுகுப் பக்கம் அடித்ததால் என் நிழல் நீளமாக மணலில் விழுந்திருந்தது. அதன் தலைக்கு மேல் இரண்டு கொம்பு. எனக்குப் பின்னால் போய் நிற்கச் சொல்லி உன்னைத் துரத்தியிருந்தேன். அங்கே நின்றுகொண்டு நீ விரலை நீட்டியிருக்கிறாய்.

உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "அவ வேலதான் இது! அவ நைனாவுக்கும் இப்டித்தான் கொம்பு வெப்பா. தோ பாரு, சிரிச்சிகினுதான் இருந்துருக்கா."

அதையே பெரிதாக்கித் தரச் சொல்லிவிட்டார்கள். நெட்டுக்குப்பத்தில் உங்கள் வீட்டுச் சுவரில் இனி என் நிழல் முழுசாக நிற்கப்போகிறது. உன்னுடையது இரண்டு விரல் மட்டும். அங்கே வந்து எப்படி நிமிர்ந்து பார்ப்பேன் என்று தெரியவில்லை. நேற்றிலிருந்து என் கை அடிக்கடி தலைக்கு மேலே போய்த் தடவிப் பார்க்கிறது.

கைபேசியைத் தர அவர்களுக்கு மனமில்லை. கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"லைட்ட நிறுத்து கண்ணு. வெளிச்சத்துல சரியா தெர்ல."

எழுந்து போய் விளக்கை அணைத்தேன்.